சுறாக்கடிக்குக் கட்டு, பாம்புக்கடிக்குக் கட்டாதே: வாசகர் கேள்வி பதில்

சுறா, திருக்கை, சொறி (ஜெல்லிமீன்), பாம்பு என்று கடிப்பவை, குத்துபவை, கொட்டுபவை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பாதிக்கு மேல் சுறாவைப் பற்றியவை. பல் வெளியே தெரிகிற பிராணிக்குத்தான் கடிதமும் அதிகம் வருகிறது.

கே: கடலில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் ஒரு மைல் தள்ளியிருக்கும் சுறாவும் மோப்பம் பிடித்து வந்துவிடும் என்கிறான் என் அண்ணன். உண்மையா?
— பிளஸ் 1 மாணவி, காரைக்கால்

ப: அண்ணன் சொன்னதில் பாதி சரி. சுறாவின் மூக்கு கூர்மையானதுதான். நூறு கோடிப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கலந்திருந்தாலே சில பொருள்களின் வாடை அதற்குத் தெரிந்துவிடும். ஆனால் மற்ற மீன்களின் மூக்கும் ஏறக்குறைய அதே தரம்தான். தவிர, வாடை தானாக நடந்து போகாது; நீரோட்டம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஓட்டத்துக்கு மேல்பக்கம் நிற்கும் சுறாவுக்கு, பத்தடி தள்ளி ரத்தம் சிந்தினாலும் மூக்கால் தெரிய வழியில்லை. வாடை இரண்டு நாசிகளில் எதில் முதலில் படுகிறதோ அந்தப் பக்கம் அது திரும்பும். அரை விநாடிக்கும் குறைவான வித்தியாசமே அதற்குப் போதும்.

இரைக்கு மிக அருகில் வந்துவிட்டால் மூக்கைவிட வேறொன்று வேலை செய்கிறது. மீன் மார்க்கெட்டில் அடுத்த முறை சுறாவின் மூஞ்சியை உற்றுப் பாருங்கள். மிளகைத் தட்டித் தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரியும். விரலால் அழுத்தினால் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கண்ணாடி போன்ற கூழ் பிதுங்கும். அவை லோரன்சினி குமிழ்கள். மின்சாரத்தை உணரும் உறுப்புகள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் மீனின் தசை அசைவில் எழும் மெல்லிய மின்சாரத்தையும் அவை பிடித்துவிடும். சென்டிமீட்டருக்கு 5 நானோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டை நூறு கோடியாகப் பங்கிட்டு அதில் ஐந்து பங்கு. உப்புத் தண்ணீரில் கிடக்கும் இரும்பும் பித்தளையும் இப்படி மின்சாரம் கசியவிடும். சுறா சில சமயம் பக்கத்தில் தொங்கும் இரையை விட்டுவிட்டுப் படகின் புரொப்பல்லரைக் கடிப்பது அதனால்தான்.

கே: சுறா வாங்கி வந்தால் சில நாள் மூத்திர வாடை அடிக்கிறது. எலுமிச்சை பிழிந்து ஊறவைத்தால் சரியாகிவிடுமா? பிள்ளை பெற்ற என் மகளுக்குப் பால் சுறா புட்டு கொடுக்கலாமா?
— இல்லத்தரசி, நாகர்கோவில்

ப: நீங்கள் சொன்ன வாடைக்கு அதுதான் சரியான பெயர். நாம் சிறுநீரில் வெளியேற்றுகிற யூரியாவைச் சுறா வேண்டுமென்றே ரத்தத்திலும் சதையிலும் தேக்கிவைக்கிறது. கடல்நீரின் உப்பு உடலிலிருந்து தண்ணீரை உறிஞ்சாமல் இருக்க, உள்ளேயும் அதே அளவு அடர்த்தி வேண்டும். அதை யூரியாவால் நிரப்பிக்கொள்கிறது. உயிரோடு இருக்கும்வரை வாடை இல்லை. செத்த பிறகு பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. ஆகவே அந்த வாடை, சுறா ஐஸ் இல்லாமல் எத்தனை நேரம் கிடந்தது என்று சொல்லும் கடிகாரம். எலுமிச்சையும் புளியும் காரத்தன்மையுள்ள அம்மோனியாவை முறித்து வாடையை மட்டும் போக்கும். மீன் பழசானது பழசானதுதான். மூக்கில் ஏறும் அளவுக்கு அடித்தால் வாங்காதீர்கள்.

பிடித்தவுடன் கீறி ரத்தம் வடியவிட்டு ஐஸில் வைத்த சுறாவுக்கு இந்தத் தொல்லை குறைவு. வீட்டில் நடுமுள்ளை ஒட்டிய ரத்தக்கோட்டை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் 15 நிமிடம் போட்டால் போதும். புட்டுக்குத் துண்டுகளைத் தோலோடே 8 முதல் 10 நிமிடம் வேகவையுங்கள். பச்சையாக உரிக்கப் போனால் கை கிழியும். அந்தத் தோலின் ஒவ்வொரு சொரசொரப்பும் ஒரு குட்டிப் பல். நம் பல்லைப் போலவே உள்ளே கூழ், அதன் மேல் தந்தினி என்ற கெட்டிப் படலம், மேலே எனாமல் போன்ற பூச்சு. தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் உப்புத்தாள். வெந்த பிறகு கத்தி முதுகால் வழித்தாலே தோல் வந்துவிடும். பிறகு சதையைத் துணியில் போட்டு இறுகப் பிழியுங்கள். பிழியாமல் தாளித்தால் புட்டு உதிராமல் களியாகிவிடும்.

மகளுக்குக் கொடுப்பது பற்றி: பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத் தின்ன அதன் உடம்பில் பாதரசம் சேர்கிறது. அது தாய்ப்பாலிலும் கொஞ்சம் கலக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சிறுவரும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் சுறாவை வைத்திருக்கிறது. பால் சுறா பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவிலேயே நின்றுவிடும் சிறிய இனம், பெருஞ்சுறா அளவுக்கு மோசமில்லை. பழக்கத்தை விட மனமில்லையென்றால் ஒரு நாள் செய்து கொடுங்கள், தினமும் வேண்டாம். தினப்படிக்கு மத்தியும் நெத்திலியும் நல்லது.

கே: சுறா ஆற்றுக்குள் வருமா? காவிரியில் குளிக்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ப: காவிரியில் முதலில் தண்ணீர் வரட்டும், சுறாவைப் பிறகு பார்க்கலாம். நீங்கள் அஞ்ச வேண்டியது சுறாவுக்கல்ல. ஒகேனக்கல், மேட்டூர்ப் பக்கமும் கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கமும் சதுப்பு நில முதலைகள் இருக்கின்றன. கரையில் உட்கார்ந்து பாத்திரம் கழுவும்போதும், மாலை மங்கிய பிறகு இறங்கும்போதும்தான் ஆபத்து.

ஆனால் ஆற்றுக்குள் வரும் சுறா உண்டு. காளைச் சுறா அமேசான் ஆற்றில் கடலிலிருந்து ஏறத்தாழ 3,700 கி.மீ. உள்ளே, பெரு நாட்டின் இக்கிட்டோஸ் வரை போயிருக்கிறது. 1937-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஆல்ட்டன் ஊர் வரை ஏறி வந்த ஒன்றை மீனவர்கள் பிடித்தார்கள். நன்னீரில் கடலுக்கு நேர்மாறான சிக்கல்: யூரியா நிறைந்த உடம்புக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும். சாதாரணச் சுறா ஊதிச் செத்துப்போகும். காளைச் சுறா யூரியாவின் அளவைக் குறைத்துக்கொள்கிறது, உப்பை வெளியேற்றும் மலக்குடல் சுரப்பியின் வேலையைச் சுருக்குகிறது, நீர்த்த சிறுநீரை இடைவிடாமல் வெளியேற்றுகிறது.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் அருகே கார்புரூக் என்ற இடத்தில் ஒரு கோல்ஃப் மைதானக் குளம். 1990-களின் வெள்ளத்தில் பக்கத்து ஆறு கரை உடைத்துக் குளத்தோடு சேர்ந்தபோது ஆறு காளைச் சுறாக்கள் உள்ளே வந்தன. வெள்ளம் வடிந்ததும் வழி அடைபட்டுப் போனது. 17 ஆண்டுகள் அவை அந்த நன்னீரிலேயே வாழ்ந்தன. குளத்தில் விழுந்த பந்தை யாரும் இறங்கி எடுக்கவில்லை என்று நம்பலாம்.

கே: நீந்துவதை நிறுத்தினால் சுறா செத்துவிடுமா?
— கல்லூரி மாணவர், மதுரை

ப: வெள்ளைச் சுறா, மேக்கோ, திமிங்கலச் சுறா போன்றவை வாயைத் திறந்தபடி முன்னேறினால்தான் செவுளில் நீர் ஓடும், அவை நிற்க முடியாது. ஆனால் செவிலிச் சுறா, வரிச் சுறா போன்றவை கன்னத் தசையால் நீரை இழுத்துத் தள்ளி, மணலில் படுத்தபடியே மூச்சு விடும். 500-க்கு மேல் இனங்கள் உள்ள குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே விதி பொருந்தாது.

கே: சுறாவுக்குப் புற்றுநோய் வராது என்று சொல்லிச் சுறா எலும்பு மாத்திரை விற்கிறார்கள். வாங்கலாமா?
— திருச்சி

ப: வாங்காதீர்கள். முதலில், சுறாவுக்கு எலும்பே கிடையாது, குருத்தெலும்புதான். இரண்டாவது, சுறாக்களுக்குப் புற்றுநோய்க் கட்டிகள் வருகின்றன. குருத்தெலும்பிலேயே வந்ததும் பதிவாகியிருக்கிறது. மூன்றாவது, குருத்தெலும்புச் சாற்றை நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்து முறையாகச் சோதித்த முடிவு 2010-ல் வந்தது. ஆயுள் கூடவில்லை.

கே: முத்துக்குளிப்புக் காலத்தில் சுறா கட்ட மந்திரவாதி வைத்திருந்தார்களாமே? அவர்கள் என்னதான் செய்தார்கள்?
— தூத்துக்குடி

ப: கடல்கட்டி என்று பெயர். கடலின் வாயைக் கட்டுகிறவர். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவே இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்: எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி, மந்திரம் பகலுக்கு மட்டும், இரவில் யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்காமல் இருக்க மாலையில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். சுறாவைக் காவலாளியாகவும் வைத்துக்கொண்ட அந்த ஏற்பாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியிலும் கடல்கட்டி இல்லாமல் குளியாட்கள் இறங்க மாட்டார்கள் என்பதால் அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. தூத்துக்குடியில் 19-ஆம் நூற்றாண்டில் பரம்பரையாக அந்த வேலை பார்த்தவர் கத்தோலிக்கர்.

மந்திரத்தை விட்டுத் தள்ளினாலும் சுறாக்கடி அபூர்வமாகத்தான் இருந்தது. நூற்றுக்கணக்கான படகுகளும் ஆயிரக்கணக்கான ஆட்களும் ஒரே பாரில் (முத்துச்சிப்பி கிடக்கும் கடலடித் திட்டில்) காலையிலிருந்து கூச்சலிட்டுக்கொண்டு, கல்லைக் கட்டித் தடதடவென்று இறங்கினால் சுறா விலகித்தான் போகும். அந்தக் காலத்து அதிகாரிகளும் இதையே காரணமாக எழுதினார்கள்.

கே: உண்மையில் மனிதனை அதிகம் கொல்லும் பிராணி எது? எண்ணிக்கையோடு சொல்லவும்.
— கோவை

ப: சுறாவிலிருந்து தொடங்கினால், உலகம் முழுக்கத் தூண்டாமலே நடந்த கடிகள் 2024-ல் 47, இறந்தவர்கள் 4 பேர். 2023-ல் 69 கடி, 10 சாவு. இது புளோரிடா அருங்காட்சியகம் வைத்திருக்கும் பதிவேட்டின் கணக்கு. இந்தியாவில் யானை தாக்கி ஆண்டுக்கு 500-க்கு மேல் இறக்கிறார்கள். வெறிநாய்க்கடி நோயில் உலகில் ஏறத்தாழ 59,000 பேர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். பாம்புக்கடியில் உலகில் 81,000 முதல் 1,38,000 பேர். 2000 முதல் 2019 வரையான கணக்கில் இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குச் சராசரி 58,000. கொசு எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்: 2023-ல் மலேரியாவில் மட்டும் 5,97,000 சாவு.

நாய்க் கணக்கைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஊசி.

கே: நீண்ட நாள் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறோம். வலையில் வந்த சுறா காலைக் கடித்துவிட்டால் கரை சேரும்வரை என்ன செய்வது?
— விசைப்படகுத் தொழிலாளர், தூத்தூர்

ப: சுறாக்கடியில் கொல்வது ரத்த இழப்புதான், விஷம் கிடையாது. பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்கள்தான் கையில் இருக்கும். தளத்தில் கிடக்கும் சுறா செத்துவிட்டது என்று நம்பி வாய்ப்பக்கம் கை கொடுப்பதில்தான் பாதி விபத்து நடக்கிறது. அதையும் நினைவில் வையுங்கள்.

ஆளைப் படுக்க வையுங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் உடம்பு எடையைக் கொடுத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்க்கக் கூடாது. உறைந்த ரத்தம் துணியோடு பிய்ந்து வரும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. அப்படியும் கையிலோ காலிலோ பீச்சிக்கொண்டே இருந்தால் இறுக்கக் கட்டுப் போட வேண்டியதுதான்.

காயத்துக்கு மேலே, உடம்புப் பக்கமாக, 5 முதல் 7 செ.மீ. தள்ளி, முட்டியின் மேலோ முழங்கையின் மேலோ வேண்டாம். லுங்கியைக் கிழித்து மடித்து 4 செ.மீ. அகலப் பட்டையாக்கிக்கொள்ளுங்கள். ஒரு முடிச்சு, அதன் மேல் ஒரு கரண்டிக் காம்போ ஸ்பேனரோ, அதன் மேல் இன்னொரு முடிச்சு. ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, காம்பு அவிழாமல் கட்டிவிடுங்கள். வலியில் அவர் கத்துவார். அரைகுறையாக இறுக்கினால் உள்ளே போகும் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், திரும்பும் வழி மட்டும் அடைபடும், ரத்தப்போக்கு முன்னைவிட அதிகமாகும். தங்கூசி (நைலான் நரம்பு), கம்பி, மெல்லிய கயிறு கூடாது, சதையை அறுத்துவிடும். கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலேயே எழுதுங்கள். நடுவில் தளர்த்தாதீர்கள், அது டாக்டர் வேலை. இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் கையில் ஒப்படைக்க முடிந்தால் நல்லது. ஆழ்கடலில் அது முடியாது என்றால் வயர்லெஸ்ஸில் கடலோரக் காவல் படையை உடனே கூப்பிடுங்கள். தொடை இடுக்கு, அக்குள் போன்ற கட்ட முடியாத இடமாக இருந்தால் துணியைக் காயத்துக்குள்ளேயே திணித்து அழுத்துங்கள்.

கே: அதே கட்டுத்தானே பாம்புக்கடிக்கும்? எங்கள் ஊரில் கடிவாய்க்கு மேல் கயிறு கட்டித்தான் தூக்கிப் போகிறார்கள்.
— பள்ளி ஆசிரியை, அரியலூர்

ப: கூடவே கூடாது. ஒரே கயிறு ஒரு கடியில் உயிரைக் காக்கும், இன்னொரு கடியில் காலை வாங்கிவிடும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நல்ல பாம்பு ஆகியவற்றின் விஷம் கடித்த இடத்துச் சதையையே அழுகவைக்கும். கட்டுப் போட்டால் விஷம் அங்கேயே தேங்கி, ரத்த ஓட்டமும் இல்லாமல் சதை முழுக்கச் சாகும். ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தவுடன் தேங்கியது மொத்தமும் ஒரே மூச்சில் மேலேறும். அந்த நிமிடத்தில் மூச்சு நின்றவர்கள் உண்டு. கீறுவதும் உறிஞ்சுவதும் அதே கதை. ரத்தம் உறையாத ஆளைக் கீறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மோதிரம், கொலுசு, அரைஞாண், வளையல் எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றுங்கள். கடிபட்ட கைகாலை எலும்பு முறிவுக்குச் செய்வது போலக் கட்டை வைத்து அசையாமல் கட்டுங்கள், இறுக்காமல். நடக்கவிடாதீர்கள், தசை அசைய அசைய விஷம் ஏறும். வாந்தி வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108. பாம்பைத் தேடி அடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடிபடுவது வழக்கமாக நடக்கிறது. செல்போனில் ஒரு படம் கிடைத்தால் போதும், கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

கட்டுவிரியன் கதை தனி. நள்ளிரவுக்கு மேல், தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். வலி இல்லை, வீக்கம் இல்லை, பல தடவை பல் தடமும் இல்லை. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார். வாயுத் தொல்லை என்று ஓமம் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணிமை கனத்துக் கீழிறங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சு. காலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு இமையும் தொங்கினால் பாம்பைப் பார்க்காவிட்டாலும் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். கட்டிலும், மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலையும் இருந்தாலே இந்தக் கடி பெரும்பாலும் நடக்காது.

கே: ஆஸ்பத்திரியில் விரியன் கடிக்கு ஒரு டெஸ்ட் ட்யூபில் ரத்தத்தைப் பிடித்துச் சும்மா வைத்திருந்தார்கள். அரை மணி நேரம் வீணாகவில்லையா? குழந்தைக்கும் பெரியவருக்குப் போட்ட அதே பத்துக் குப்பி மருந்தா?
— பெரம்பலூர்

ப: வீணில்லை, அதுதான் சோதனை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம், 20 நிமிடம் தொடாமல் நிற்க வேண்டும், பிறகு ஒரே ஒரு தரம் சாய்த்துப் பார்ப்பார்கள். கெட்டியாக நின்றால் ரத்தம் உறைகிறது. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் உறைய வைக்கும் சத்துகளைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக் குழாய் வைத்தாலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாய் வைத்தாலோ நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும். நடுநடுவே ஆட்டிப் பார்த்தாலும் கெட்டுவிடும்.

குப்பிக் கணக்கு இப்படி. கண்ணாடி விரியன் ஒரு கடியில் செலுத்துவது சராசரியாக 63 மில்லிகிராம் விஷம். ஒரு குப்பியில் 10 மி.லி. மருந்து, ஒரு மி.லி. முறிப்பது 0.6 மி.கி. ஆக ஒரு குப்பிக்கு 6 மி.கி., முதல் தவணைக்குப் பத்துக் குப்பி. முறிக்க வேண்டியது பாம்பு ஏற்றிய விஷத்தை. கடிபட்டவரின் எடையை அல்ல. நாலு வயதுக் குழந்தைக்குள் ஏறியதும் அதே விஷம்தான் என்பதால் அதே அளவு மருந்து. ஆறு மணி நேரம் கழித்துக் குழாய்ச் சோதனையை மறுபடி செய்து, உறையாவிட்டால் இன்னும் ஏற்றுவார்கள்.

இந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பிடித்த பாம்பிடம் சில வாரங்களில் நான்கு தடவை விஷம் எடுத்துவிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

கே: கடல் பாம்பு கடித்தாலும் அதே மருந்துதானா?
— இழுவலைத் தொழிலாளர், நாகப்பட்டினம்

ப: இல்லை. நம் நாட்டு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் மட்டும். கடல் பாம்புக்கான மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. ஆகவே டாக்டரிடம் 'பாம்பு கடித்தது' என்று சொல்லாமல் 'வலையில் வந்த கடல் பாம்பு, வால் துடுப்பு மாதிரி தட்டை' என்று சொல்லுங்கள். வலகடியன் என்று நீங்கள் சொல்லும் கொக்கிமூக்குப் பாம்புதான் இதில் மோசம். அந்தப் பெயரே ஒரு காலத்தில் அதன் அறிவியல் பெயரிலும் ஏறியிருந்தது. கடித்தது தெரியாது. அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசைவலி, தாடை இறுக்கம், பிறகு கறுப்புக் காப்பி நிறத்தில் சிறுநீர். உடைந்த தசையின் நிறமிதான் அது, சிறுநீரகத்தை அடைத்துவிடும். டயாலிசிஸும் வென்டிலேட்டரும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள்.

கே: திருக்கை முள் குத்தினால் ஐஸ் வைக்கலாமா?
— பாம்பன்

ப: ஐஸ் வேண்டாம், சுடுநீர். அந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும். 45 டிகிரி நீரில் 30 முதல் 90 நிமிடம் முக்கிவைக்க வேண்டும். அளவு பார்க்கக் குத்துப்படாத காலை முதலில் விடுங்கள். குத்துப்பட்ட கால் வலியில் சூடு தெரியாமல் வெந்துபோகும். கல்மீன், கெளுத்தி முள்ளுக்கும் இதே வைத்தியம். முள் வால் நுனியில் இல்லை, வாலின் அடிப்பாதியில். இரண்டு ஓரமும் பின்னோக்கிய ரம்பப் பல். நேராக இழுத்தால் போன வழியைவிட அதிகம் கிழித்துக்கொண்டு வரும், துண்டு உள்ளே ஒடியும். எக்ஸ்ரே எடுங்கள், டெட்டனஸ் ஊசி போடுங்கள். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது. 2006 செப்டம்பரில் ஸ்டீவ் இர்வின் இறந்தது முள் இதயத்தில் பாய்ந்ததால்தான். அறுத்துப் போட்ட வாலிலும் விஷம் இருக்கும். தாத்தா காலத்துத் திருக்கை வால் சவுக்குக்குப் பயந்தவர்கள் வீணாகப் பயப்படவில்லை. ஆழமில்லாத மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடந்தால் அது விலகி ஓடிவிடும்.

கே: மெரினாவில் நீலப் பை மாதிரி ஒதுங்கிக் கிடந்ததைத் தொட்ட என் பையனுக்குச் சாட்டையடி போலத் தடித்துவிட்டது. செத்த சொறியும் கொட்டுமா?
— சென்னை

ப: கொட்டும். அதன் இழைகளில் உள்ள நுண்ணிய ஊசிக் கூடுகளுக்கு உயிர் வேண்டாம், தொட்டாலே வெடிக்கும். ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். நல்ல தண்ணீர் பட்டாலும் வெடிக்கும். அதனால் பாட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். சிறுநீர் வைத்தியம் வெறும் கதை. இழையை இடுக்கியால் எடுத்து, கடல் நீரால் அலசி, 45 டிகிரி சுடுநீரில் 20 நிமிடம். வினிகர் இந்த நீலப் பைக்கு அல்ல. கன சதுரக் குடை போன்ற பெட்டிச் சொறிக்கு மட்டும், 30 விநாடி ஊற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெரிய பெட்டிச் சொறி நிமிடங்களில் ஆளைக் கொல்லக் கூடியது. அதற்கு 24 கண்கள் இருக்கின்றன. மூளை என்று தனியாக ஒன்று இல்லை.

கே: பேத்தை மீனை நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாமா?
— கடலூர்

ப: கூடாது. அதன் விஷம் கொதியில் சாகாது. ஈரல், சினை, தோல் மூன்றிலும் இருக்கும். மாற்று மருந்தும் இல்லை.

கே: எங்கள் வீட்டில் தாத்தா காலத்து வேளா மீன் கொம்பு இருக்கிறது. வேளா சுறாதானே?
— குளச்சல்

ப: சுறா மாதிரி உடம்புள்ள, மூக்கு ரம்பம் போல நீண்ட திருக்கை. செவுள் பக்கவாட்டில் இருந்தால் சுறா, அடிவயிற்றுப் பக்கம் இருந்தால் திருக்கை, வேளாவுக்கு அடியில். சுறாவின் கோட்டை, அதாவது கொம்பை, நட்டுப் பரதவர் வணங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அந்தக் கோடு வேளாவுடையதாக இருக்கலாம். இன்று கொம்பை வைத்திருப்பதில் ஒரு சிக்கல். 2001 முதல் வேளா, புலியோடு ஒரே பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. விற்கவோ வாங்கவோ கூடாது, உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம். மாவட்ட வன அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

கே: முதலை வாயை ரப்பர் பேண்ட் போட்டு மூடிவிடலாமாமே?
— ஏழாம் வகுப்பு, ஈரோடு

ப: மூடும் தசை பயங்கரம், உப்புநீர் முதலையின் கடியில் 16,000 நியூட்டனுக்கு மேல் அளந்திருக்கிறார்கள். திறக்கும் தசை சின்னது. பெரிய முதலையின் வாயையும் ஆராய்ச்சியாளர்கள் நாலைந்து சுற்று டேப்பால் ஒட்டிவிடுகிறார்கள். ரப்பர் பேண்ட் குட்டிக்குத்தான் பொருந்தும். டேப் ஒட்டுவதற்கு முன் முதலையின் கண்ணை ஈரச் சாக்கால் மூட வேண்டும், நாலு பேர் முதுகில் உட்கார வேண்டும், வாலுக்குத் தனியாக ஒருவர் வேண்டும்.